தராசின் எண்திரை

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் பனிமூட்டம் முழுமையாக விலகும் முன்பே கொழுந்து பறிக்கும் வேலை தொடங்கிவிடும். கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் அமைந்துள்ள இம்மலைச் சரிவுகளில், 1929-ஆம் ஆண்டு ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் காட்டை அழித்து, செடிகளை நட்டு, தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தனர். இன்று வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளைச் சேர்ந்தவர்களும் அவ்வேலையைச் செய்கின்றனர். விரல்களால் கிள்ளிப் பறித்த காலம் போய், கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. எல்லாம் மாறியும் ஒரு வழக்கம் மட்டும் மாறவில்லை. பறித்த கொழுந்து நிறுக்கப்பட்ட பிறகே தொழிற்சாலைக்குப் போகும்.

நிறுவையில் கிடைக்கும் எண்ணுக்குப் பலர் காத்திருக்கின்றனர். ஏறத்தாழ நான்கு அல்லது ஐந்து கிலோ பச்சைக் கொழுந்திலிருந்துதான் ஒரு கிலோ தேயிலைத்தூள் கிடைக்கும் என்பதால், எத்தனை கிலோ கொழுந்து உள்ளே வருகிறது என்பது தொழிற்சாலைக்குத் தெரிய வேண்டும். பறித்த எடைக்கு ஏற்பக் கூலியோ ஊக்கத்தொகையோ வழங்கப்படும் இடங்களில், தொழிலாளிக்கு அந்த எண்தான் அன்றைய உழைப்பின் அளவு. சரிவில் ஏறி இறங்கிச் சுமந்து வந்த கூடையின் எடையை அவர் தோள் ஏற்கனவே அறியும். ஆனாலும், ஏட்டில் எழுதப்படுவது தோள் சொன்ன எடையன்று. தராசு காட்டிய எடை.

முற்காலத்தில் தொங்கும் வில் தராசுகள் பயன்பட்டன. வட்ட முகப்பில் ஒரு முள் சுற்றி எண்ணைக் காட்டும். பாரம் ஏற ஏற வில் அதே விகிதத்தில் நீளும் என்ற விதியை இராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டார். அந்த விதிதான் அம்முள்ளை இயக்கியது. பின்னர் மின்னியல் தராசுகள் வந்தன. முள்ளுக்குப் பதிலாக எண்திரை எடையைக் காட்டத் தொடங்கியது. முள் சற்றுத் தடுமாறினால் பார்ப்பவருக்கு ஐயம் எழும். எண்திரையிலோ எண் தெளிவாக ஒளிர்வதால், யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை. அந்த எண்திரை பழுதானால் என்ன நேரும், புதிய திரையைப் பொருத்தி அதற்கு மின்சாரம் கொடுப்பது எப்படி என்பதை அறிய, முதலில் தராசின் உள்ளே பார்க்க வேண்டும்.

மின்னியல் தராசின் தட்டுக்கு அடியில் சுமை உணரி எனப்படும் அலுமினியக் கட்டை ஒன்று உள்ளது. தட்டின் மீது கூடையை வைத்ததும் அக்கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. கட்டையின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் நான்கு மெல்லிய உலோகப் படலங்கள் அதனுடன் சேர்ந்து நீள்கின்றன, சுருங்குகின்றன. நீளும்போது படலத்தின் மின்தடை கூடுகிறது, சுருங்கும்போது குறைகிறது. இந்த மாற்றத்தால் மிகச் சிறிய மின்னழுத்தம் உண்டாகிறது. எடுத்துக்காட்டாக, 100 கிலோ வரை நிறுக்கும் தராசில் உணரிக்கு 5 வோல்ட் கொடுத்தால், முழுப் பாரம் ஏறும்போது ஏறத்தாழ 10 மில்லிவோல்ட் கிடைக்கும். அப்படியானால் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிவோல்ட். பத்து கிராம் கொழுந்துக்கு ஒரு வோல்ட்டில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு! இவ்வளவு நுண்ணிய மின்னழுத்தத்தை ஒரு சில்லு பெருக்கி எண்ணாக மாற்றுகிறது. இன்னொரு சில்லு அந்த எண்ணைத் திரைக்கு அனுப்புகிறது.

ஆகவே, எடையைக் கணிப்பது திரையன்று. கணித்ததை வெளியே சொல்லும் வாய் மட்டுமே அது. வாய் ஊமையானாலும் தராசு உள்ளே சரியாக நிறுத்துக்கொண்டிருக்கலாம். தராசு கணினியுடன் கம்பியால் இணைக்கப்பட்டிருந்தால், திரை இருண்டிருக்கும்போதுகூடச் சரியான எடை கணினிக்குப் போய்ச் சேரும். ஆனால், கிராணி திரையைப் பார்த்து ஏட்டில் எழுதும் இடத்தில், திரையின் பிழை அப்படியே ஏட்டின் பிழையாகிவிடும்.

முற்றிலும் இருண்ட திரையால் யாரும் ஏமாறுவதில்லை. எல்லாரும் உடனே வேலையை நிறுத்திவிடுவார்கள். அரைகுறையாகப் பழுதான திரைதான் ஆபத்தானது. அதற்கான காரணம் எண்கள் உருவாகும் விதத்தில் இருக்கிறது.

எண்திரையில் ஒவ்வோர் எண்ணும் ஏழு சிறு கோடுகளால் ஆனது. மேல், நடு, கீழ் எனக் கிடைக்கோடுகள் மூன்று. இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு என நிலைக்கோடுகள் நான்கு. ஏழும் ஒளிர்ந்தால் 8. நடுக்கோடு மட்டும் அணைந்தால் 0. வலப்பக்கத்தின் இரு கோடுகள் மட்டும் ஒளிர்ந்தால் 1. அவற்றோடு மேற்கோடும் சேர்ந்தால் 7. இவ்வாறு பூஜ்யம் முதல் ஒன்பது வரை எல்லா எண்களையும் ஏழே கோடுகளால் எழுதிவிடலாம். மிகச் சிக்கனமான ஏற்பாடு இது. ஆனால், அந்தச் சிக்கனத்திலேயே ஒரு குறையும் உண்டு. இரண்டு எண்களுக்கு இடையே சில வேளைகளில் ஒரே ஒரு கோடுதான் வேறுபாடு.

இதனை ஒரு தாளில் வரைந்து பார்த்தால் எளிதில் விளங்கும். ஒரு கூடையின் எடை 28 கிலோ என்று கொள்வோம். கடைசி எண்ணின் நடுக்கோடு பழுதாகி ஒளிராமல் போனால், திரை 20 என்று காட்டும். எட்டுக் கிலோ மறைந்துவிடுகிறது! வலப்பக்க மேல் கோடு ஒளிராவிட்டால் அதே 28 கிலோ 26 ஆகும். 29 கிலோ 25 ஆகும். மேல் கிடைக்கோடு போய்விட்டால் 27 என்பது 21. இடப்பக்க மேல் கோடு போனால் 29 என்பது 23. எல்லாமே நல்ல, முழுமையான எண்கள். பார்ப்பவருக்கு எந்த ஐயமும் எழாது.

ஒரு கிலோவுக்கு 30 சென் எனக் கணக்கிற்காக வைத்துக்கொண்டால், 27 கிலோ 21 ஆனதும் ஒரே நிறுவையில் 1 ரிங்கிட் 80 சென் குறைந்துவிடுகிறது. பிழை எப்போதும் ஒரே பக்கம் சாய்வதுமில்லை. இடப்பக்கக் கீழ் கோடு பழுதானால் 26 கிலோ 25 ஆகும். ஆனால் 28 கிலோ 29 ஆகிவிடும். அப்போது நட்டம் தோட்டத்துக்கு. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழுதான கோட்டைப் பயன்படுத்தாத எண்கள் வரும்போது திரை சரியாகவே காட்டும். எனவே, ஒரு கூடைக்குச் சரி, அடுத்த கூடைக்குப் பிழை என்று மாறி மாறி வரும். தொழிலாளி முறையிட்டாலும், சோதித்துப் பார்க்கும் நேரத்தில் திரை நல்ல பிள்ளையாக நிற்கும்.

இந்தக் குறையை அறிந்தே தராசு செய்பவர்கள் ஓர் ஏற்பாடு செய்திருக்கின்றனர். பெரும்பாலான மின்னியல் தராசுகளை முடுக்கியவுடன், சில விநாடிகளுக்கு எல்லா இடங்களிலும் 8 ஒளிரும். சில தராசுகளில் 9 முதல் 0 வரை எண்கள் வரிசையாக ஓடும். அதைப் பலர் அழகுக்காகச் செய்தது என்று எண்ணுகின்றனர். உண்மையில் அது ஒரு சோதனை. எட்டுகளில் ஏதேனும் ஒன்று சிதைந்து தெரிந்தால், அந்தத் தராசில் அன்று கொழுந்தை நிறுக்கக் கூடாது. இச்சோதனைக்குப் படிப்போ கருவியோ தேவையில்லை. தராசை முடுக்கும் நேரத்தில் அருகில் நின்று பார்த்தாலே போதும்.

கேமரன் மலையில் திரைகள் பழுதாவதற்கு ஈரமே பெரும் காரணம். மழையும் மூடுபனியும் நிறைந்த இந்த இடத்தில் காற்றின் ஈரப்பதம் எப்போதும் மிகுதி. நனைந்த கொழுந்திலிருந்து சொட்டும் நீர் வேறு. பெட்டியின் இடுக்குகள் வழியே ஈரக்காற்று உள்ளே போகிறது; இரவில் குளிர்ந்ததும் உள்ளேயே நீர்த்துளிகளாகப் படிகிறது. திரையையும் மின்சுற்றுப் பலகையையும் இணைக்கும் ஊசிகளில் பச்சை நிறக் களிம்பு ஏறுகிறது. ஓர் ஊசியில் களிம்பு ஏறினால் ஒரு கோடு அணைகிறது. எல்லா எண்களிலும் ஒரே கோடு அணைந்திருந்தால் பெரும்பாலும் இணைப்பில் குறை இருக்கும். ஓர் எண்ணில் மட்டும் ஒரு கோடு அணைந்திருந்தால், திரையே பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். இவ்வேறுபாட்டை அறிந்த பழுதுபார்ப்பவர், தேவையில்லாமல் புதிய திரை வாங்க மாட்டார். ஊசிகளைத் துடைத்து மீண்டும் செருகினாலே பல திரைகள் பிழைத்துக்கொள்ளும்.

திரை முழுவதும் இருண்டிருந்தால், திரையைக் கழற்றுவதற்கு முன் மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். மலைச்சரிவில் உள்ள நிறுவைக் கொட்டகைகளுக்கு மின்கம்பி எட்டாது. எனவே, அங்குள்ள தராசுகள் பெரும்பாலும் 6 வோல்ட் ஈய அமில மின்கலத்தில் இயங்குகின்றன. அதனுள் 2 வோல்ட் தரும் அறைகள் மூன்று உள்ளன. முழுமையாக மின்னேற்றிய நிலையில் அது 6.4 வோல்ட் வரை காட்டும். இங்கே பலர் ஒரு தவறு செய்கின்றனர். தராசை அணைத்துவிட்டு மின்கலத்தை மல்டிமீட்டரால் அளக்கின்றனர். 6.2 வோல்ட் என்று வந்ததும் மின்கலம் நன்றாக இருப்பதாக முடிவு செய்கின்றனர். வயதான மின்கலம் ஓய்வில் இருக்கும்போது நல்ல அளவைக் காட்டும்; வேலை கொடுத்தவுடன் சரிந்துவிடும். ஆகவே, தராசு இயங்கிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். அப்போது 5.3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் குற்றம் திரையில் இல்லை, மின்கலத்தில்தான் இருக்கிறது.

மின்கலமும் இணைப்பும் நன்றாக இருந்து, திரைதான் பழுது என்று உறுதியானால், எந்த வகைத் திரையை வாங்குவது என்ற கேள்வி எழுகிறது. தராசுகளில் இரண்டு வகைகள் வழக்கில் உள்ளன. ஒன்று, தானே ஒளிரும் எல்.இ.டி. திரை. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியைத் தரும் எல்.இ.டி.யை நிக் ஹொலொன்யாக் 1962-இல் உருவாக்கினார். மற்றொன்று, தானே ஒளிராமல் வெளிச்சத்தை மறைத்து எண்ணைக் காட்டும் எல்.சி.டி. திரை. கணிப்பான்களிலும் கைக்கடிகாரங்களிலும் சாம்பல் நிறப் பின்னணியில் கறுப்பு எண்களாகத் தெரிவது இதுவே.

மூடுபனி சூழ்ந்த காலையில் எல்.இ.டி. திரை தொலைவிலிருந்தே தெரியும். எல்.சி.டி.யைக் குனிந்து பார்க்க வேண்டும். பின்விளக்கு இல்லாவிட்டால் அரையிருட்டில் அது பயன்படாது. நண்பகல் வெயிலில் நிலைமை தலைகீழாகும். எல்.சி.டி. தெளிவாகத் தெரியும்; எல்.இ.டி. மங்கிப்போகும். ஆயினும், தேர்வை முடிவு செய்வது பெரும்பாலும் மின்சாரக் கணக்குத்தான். ஐந்து எண்கள் கொண்ட எல்.இ.டி. திரையில் 35 கோடுகள் உள்ளன. ஒரு கோட்டுக்கு 10 மில்லி ஆம்பியர் என்றால், எல்லாம் ஒளிரும்போது 350 மில்லி ஆம்பியர். தராசின் மற்ற உறுப்புகளுக்கு ஏறத்தாழ 30 மில்லி ஆம்பியர் எனக் கொண்டால், மொத்தம் 380. மின்கலத்தின் கொள்ளளவு 4,000 மில்லி ஆம்பியர் மணி என்றால், ஏறத்தாழ பத்தரை மணி நேரம் ஓடும். எல்.சி.டி. திரைக்கோ மின்னோட்டம் கிட்டத்தட்டத் தேவையே இல்லை. அதே மின்கலம் 130 மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும். உண்மையில் எல்லாக் கோடுகளும் எப்போதும் ஒளிர்வதில்லை என்பதால் எல்.இ.டி. இன்னும் சற்றுக் கூடுதலாகவே ஓடும். ஆனால் மின்கலமும் பழசாகும். பாதிக் கொள்ளளவை இழந்த மின்கலத்தில் எல்.இ.டி. திரை காலை நிறுவைக்கு ஒளிர்ந்து, மாலை நிறுவையில் அணைந்துபோகலாம். அதனால், எல்.சி.டி. இருந்த இடத்தில் எல்.இ.டி.யைப் பொருத்த விரும்புபவர் பெரிய மின்கலத்துக்கும் சேர்த்துத் திட்டமிட வேண்டும்.

பழைய திரைக்கு ஏற்ற மின்சாரம் புதிய திரைக்கும் ஏற்றதாக இருக்கும் என்று நினைப்பது தவறு. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, தேயிலைத் தோட்டத்துக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு விளையாட்டு இயந்திரத்தில் கிடைக்கிறது. அதன் பெயர் பின்பால். கண்ணாடி மூடிய சாய்வு மேசையில் எஃகு உருண்டையை ஓடவிட்டு, அது தடைகளில் மோதும்போது புள்ளிகள் பெறும் விளையாட்டு அது. அமெரிக்காவின் சிக்காகோ நகரம் அத்தொழிலின் தாயகம். 1970-களின் பிற்பகுதியில் அவ்வியந்திரங்களில் மின்னணு எண்திரைகள் வந்தன. வாயு நிரப்பிய கண்ணாடிக்குள் செம்மஞ்சள் நிறத்தில் எண்கள் ஒளிரும். தராசில் உள்ள அதே ஏழு கோடுகள்தான். ஆனால், வாயுவை ஒளிரச் செய்ய ஏறத்தாழ 170 முதல் 190 வோல்ட் தேவைப்பட்டது. 1990-களில் 4,096 புள்ளிகளால் படம் காட்டும் திரைகள் வந்தன. அவையும் வாயுத் திரைகளே. அவற்றுக்கும் உயர் மின்னழுத்தம் வேண்டும்.

ஆண்டுகள் செல்லச் செல்ல வாயுத் திரை சோர்ந்துபோகும். ஒளி மங்கும், ஆனால் மின்சாரத்தை முன்பைவிட அதிகமாக இழுக்கும். அதற்கு மின்சாரம் தரும் பலகை சூடேறிக் கருகும். பழைய இயந்திரத்தைக் காப்பாற்ற விரும்புபவர்கள் இப்போது அவ்விடத்தில் எல்.இ.டி. திரையைப் பொருத்துகின்றனர். அதற்கு 5 அல்லது 12 வோல்ட் போதும். 190 வோல்ட் தரும் பகுதியை இணைப்பிலிருந்து நீக்கிவிடலாம். அதனால் பழைய பலகையின் பாரமும் குறைகிறது. ஆனால், நீக்க மறந்து உயர் மின்னழுத்தக் கம்பியைப் புதிய திரையின் 5 வோல்ட் ஊசியில் செருகினால், திரை அந்த நொடியே புகைந்துவிடும். அணைத்த பிறகும் அப்பலகையின் மின்தேக்கிகளில் சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருப்பதால், தொடுபவருக்கும் ஆபத்து. தராசில் இத்தகைய ஆபத்து குறைவு; 6 வோல்ட் மின்கலம் உடலைத் தாக்காது. ஆயினும், மின்னேற்றி சுவரில் செருகியிருக்கும் வரை பெட்டியைத் திறக்கக் கூடாது. சுவரில் இருப்பது 230 வோல்ட்.

தராசில் எதிர்ப்படும் சிக்கல் வேறு வகையானது. பெரும்பாலான திரைப் பலகைகளுக்குச் சீரான 5 வோல்ட் வேண்டும். மின்கலம் தருவதோ 6.4 வோல்ட்டிலிருந்து மெல்ல இறங்கும் அழுத்தம். இடையில் சீராக்கி எனப்படும் சில்லு நின்று, மிகுதியை வெப்பமாக வெளியேற்றி 5 வோல்ட்டை மட்டும் கொடுக்கிறது. கடையில் மலிவாகக் கிடைக்கும் பழைய வகைச் சீராக்கிக்கு, 5 வோல்ட் தர வேண்டுமானால் 7 வோல்ட்டாவது உள்ளே வர வேண்டும். 6 வோல்ட் மின்கலத்தில் அது ஒருபோதும் நடக்காது. அவ்வகையைப் பொருத்தினால் திரை மங்கலாக எரியும், எண்கள் துடிக்கும். பழுதுபார்த்தவர் புதிய திரையே குறையுள்ளது என்று எண்ணித் திருப்பிக் கொடுத்துவிடுவார்! அரை வோல்ட் வேறுபாட்டிலும் இயங்கும் குறைந்த இழப்புச் சீராக்கி இதற்குத் தேவை. விலை வேறுபாடு சிறிது. விளைவு வேறுபாடு பெரிது.

பொருத்தும் வேலையில் அவசரம் ஆகாது. மின்னேற்றியைப் பிடுங்கி, மின்கலத்தின் கம்பியைக் கழற்றிய பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். கம்பிகள் எந்த நிறம் எங்கே போகிறது என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. நினைவு ஏமாற்றும், படம் ஏமாற்றாது. திரைக்கு வரும் பட்டைக் கம்பியின் ஓர் ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தால், அது பெரும்பாலும் முதல் ஊசிக்குரிய பக்கம். புதிய திரையிலும் முதல் ஊசியைக் கண்டுபிடித்து இரண்டையும் சேர்க்க வேண்டும். எல்.இ.டி. திரைகளில் இன்னொரு வேறுபாடும் உண்டு. சிலவற்றில் எல்லாக் கோடுகளின் நேர்முனைகளும் ஒன்றாக இணைந்திருக்கும். சிலவற்றில் எதிர்முனைகள் இணைந்திருக்கும். அளவும் ஊசிகளின் எண்ணிக்கையும் ஒன்றாகவே இருந்தாலும், ஒரு வகையின் இடத்தில் மற்றதைச் செருகினால் எண் தெரியாது. எல்.சி.டி.யில் கவனிக்க வேண்டியது வேறு. அதற்குத் திசை மாறி மாறிப் பாயும் மின்சாரமே ஏற்றது. மின்கலத்தை நேரடியாகத் தொட்டுச் சோதித்துக்கொண்டே இருந்தால், அதனுள் இருக்கும் திரவம் கெட்டுவிடும். எல்லாம் முடிந்து பெட்டியை மூடும்போது, ஓரத்தில் இருந்த இரப்பர் வளையத்தை அதே இடத்தில் வைக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் மறுபடியும் பச்சைக் களிம்புதான்.

இத்தனையும் தெரிந்த ஒருவர் தோட்டத்திலேயே இருந்தாலும், அவர் தாமாகவே தராசைத் திறந்துவிட முடியாது. மலேசியாவில் வாணிபத்துக்குப் பயன்படும் தராசுகள் 1972-ஆம் ஆண்டின் நிறுவை, அளவைச் சட்டத்துக்கு உட்பட்டவை. அவை சோதிக்கப்பட்டு முத்திரையிடப்பட வேண்டும். பழுதுபார்ப்பவருக்கு உரிமம் வேண்டும். உள்ளே கைவைக்க வேண்டுமானால் முத்திரையை உடைக்க வேண்டும். உடைத்த பிறகு மறுசோதனை இல்லாமல் தராசை வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. திரையை மாற்றியதற்கும் எடைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்பதுண்டு. திரை தனிப் பலகையில் இருந்தால் தொடர்பில்லைதான். ஆனால், பல தராசுகளில் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் சில்லும், அளவீட்டைச் சேமித்துள்ள நினைவகமும் திரை இருக்கும் பலகையிலேயே உள்ளன. பலகை மாறினால் தராசு தன் அளவையே மறந்துவிடும். பிறகு, எடை தெரிந்த படிக்கற்களை வைத்து அதற்கு மீண்டும் கற்றுக்கொடுக்க வேண்டும்.

அந்தக் கற்பித்தல் எங்கே நடக்கிறது என்பதும் ஓரளவு முக்கியம். மேலே போகப் போகப் புவியின் ஈர்ப்பு சற்றுக் குறைகிறது. கடலோர நகரம் ஒன்றில் சரிபார்த்த சுமை உணரித் தராசை 1,500 மீட்டர் உயரத்துக்குக் கொண்டு வந்தால், 100 கிலோ கொழுந்துக்கு ஏறத்தாழ 30 முதல் 45 கிராம் வரை குறைத்துக் காட்டும். ஒரு கூடைக்கு இது பொருட்படுத்தத்தக்க அளவன்று. நடுக்கோடு அணைந்த ஒரு 8 விழுங்கும் எட்டுக் கிலோவோடு இதை ஒப்பிட்டால், கவலை எங்கே இருக்க வேண்டும் என்பது தெரியும். இருந்தாலும், தராசு பயன்படும் இடத்திலேயே படிக்கற்களை வைத்துச் சரிபார்ப்பதுதான் முறை. தட்டின் நடுவில் ஒருமுறை, நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு முறை என ஒரே படிக்கல்லை வைத்துப் பார்ப்பார்கள். ஐந்து முறையும் ஒரே எடையைக் காட்ட வேண்டும். கூடையை எப்போதும் தட்டின் நடுவில் வைப்போர் யார்?

திரையை மாற்றும் வேளையில் சில இடங்களில் இன்னொரு வேலையையும் சேர்த்துச் செய்கின்றனர். முன்பக்கத் திரை கிராணியின் பக்கம் திரும்பியிருக்கும். கூடையை வைத்தவர் எதிரே நின்றால் பெட்டியின் முதுகுதான் தெரியும். அதனால், பின்பக்கத்திலும் ஒரு திரையைப் பொருத்துவார்கள். சந்தைக் கடைத் தராசுகளில் வாங்குபவர் பக்கம் இருப்பதைப் போல. இரண்டு திரைகளுக்கும் தராசு ஒரே எண்ணைத்தான் அனுப்புகிறது. ஒன்றில் ஒரு கோடு அணைந்தாலும் மற்றொன்று சரியாகக் காட்டும். 26 என்று எழுதப் போகும் கிராணியிடம், எதிரே நிற்பவர் 28 என்று சொல்ல முடியும். இதற்கு மின்சாரம் கூடுதலாகத் தேவைப்படும். இரண்டும் எல்.இ.டி. என்றால் மொத்தம் 730 மில்லி ஆம்பியர். பத்தரை மணி நேரம் ஓடிய அதே மின்கலம் ஐந்தரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். எனவே, பின்பக்கத் திரையை எல்.சி.டி.யாக வைப்பார்கள், அல்லது நண்பகலில் மாற்றிக்கொள்ள இன்னொரு மின்கலத்தை மின்னேற்றித் தயாராக வைத்திருப்பார்கள்.